தெரியாது என்று சொன்ன மிஷின்

என் தம்பிக்கு ஸ்டெப்னி என்று பெயர் வைத்தவள் நான்தான். வண்டி ஓட்டிப் பிழைக்கிறவள் வேறு என்ன பெயர் வைப்பாள்? பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பின்னால் ஒரு மாற்றுச் சக்கரம் இல்லாமல் வண்டியை வாசலை விட்டு நகர்த்த மாட்டேன். என்னிடம் ஒரு சக்கரத்தோடு நின்றுபோன புத்தி அவனிடம் வாழ்க்கை முழுக்கப் பரவிக் கிடந்தது. சட்டைப் பையில் இரண்டு பேனா, கைப்பையில் இரண்டு குடை. வீட்டுச் சாவி அவனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, பக்கத்து வீட்டில் ஒன்று. காலையில் எழுந்திருக்க இரண்டு அலாரம் வைப்பான். இரண்டும் சேர்ந்து அலறும், தெருவே எழுந்து உட்காரும், அவன் மட்டும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவான்.

அவனுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது நான் வாய் தவறி, "நம்ம ஸ்டெப்னி தங்கமான பையன்" என்று சொல்லிவிட்டேன். பெண்ணைப் பெற்றவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. அந்த வார்த்தைக்கு ஊரில் இன்னோர் அர்த்தம் உண்டே. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, சின்ன வீடு கின்ன வீடு ஏதாச்சும்..." என்று இழுத்தார். "அட நீங்க ஒண்ணு, அவனுக்குப் பெரிய வீடே இப்பத்தான் அமையுது" என்றேன். அவர் அதற்கப்புறமும் நாலு இடத்தில் விசாரித்துத்தான் பெண்ணைக் கொடுத்தார். அப்படி விசாரித்ததை என் தம்பி ரொம்பப் பாராட்டினான்.

பயந்தாங்கொள்ளி என்று அவனைச் சொல்ல மாட்டேன். பயந்தவன் ஓடுவான். இவன் உட்கார்ந்து யோசித்து, இன்னொன்று வாங்கி வைப்பான். எதையும் "நிச்சயம்" என்று அவன் வாயால் நான் கேட்டதில்லை. மழை வருமா என்றால் "வரலாம்", சாப்பிட்டாயா என்றால்கூட "சாப்பிட்ட மாதிரிதான்". இந்த மனுஷனைப் போய் ஒரு கம்பெனி, ஒருபோதும் நிற்காத மிஷின் செய்யச் சொல்லி வேலைக்கு வைத்துக்கொண்டது.

கண்காணிப்புக் கேமரா அமைப்புகள் செய்து விற்கிற கம்பெனி அது. முன்பெல்லாம் சுவர் நிறையத் திரை வைத்து, அதன் எதிரே ஓர் ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் தம்பி செய்தது வேறு. வாசலில் ஒருவர் நுழைந்தவுடன் திரையில் அவரைச் சுற்றி ஒரு கட்டம் விழும். தலைக்கு மேல் ஓர் எண் வரும். அவர் இந்தக் கேமராவை விட்டு அடுத்த கேமராவுக்குள் போனால் அந்த எண்ணும் கூடவே போகும். வேனிலிருந்து இறங்கும் பிள்ளையை நான் வாசலில் ஆயா கையில் ஒப்படைப்பது போல, ஒரு கேமரா இன்னொரு கேமராவிடம் ஆளை ஒப்படைக்கும். அவர் எங்கே போனார், எங்கே நின்றார், எந்தக் கதவைத் திறந்தார், எல்லாம் அந்த எண்ணின் கீழ் வரிசையாக வந்துவிடும்.

இது பாதிதான். மீதிப் பாதியில்தான் அவன் புத்தி வேலை செய்தது. ஒரே வேலையை மூன்று கம்ப்யூட்டர்கள் ஒரே சமயத்தில் செய்யும். மூன்றும் தத்தம் பதிலைச் சொல்லும், ஓட்டெடுப்பு நடக்கும். ஒன்று உளறினால் மற்ற இரண்டும் சேர்ந்து அதை ஒதுக்கி உட்கார வைத்துவிடும். வேலை ஒரு நொடிகூட நிற்காது. ஒதுக்கப்பட்டதன் நினைவைத் துடைத்துவிட்டு, நன்றாக இருக்கும் இரண்டின் நினைவை அப்படியே அதன் மண்டைக்குள் ஏற்றி, மறுபடி வரிசையில் சேர்த்துக்கொள்வார்கள். மூன்றில் இரண்டு சொன்னால் அதுதான் பதில்.

இதற்குக் காப்புரிமைகூடக் கிடைத்தது. கண்டுபிடித்தவர்கள் என்று முதலில் மேனேஜர் பெயர், அடுத்து இவன் பெயர். "உங்க மேனேஜர் என்னத்தக் கண்டுபிடிச்சார்? உன்னைக் கண்டுபிடிச்சார், அவ்வளவுதான்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. வீட்டுக்கு இரண்டு பிரதி எடுத்து வந்திருந்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்த அத்தனைக்கும் இதுதான் வேர். மூன்று கம்ப்யூட்டரிலும் ஒரே புரோகிராமை ஓட்டக் கூடாது என்பது என் தம்பியின் முதல் திட்டம். மூன்று பேர் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், மூன்று புரோகிராம் எழுத வேண்டும். ஒருவர் தப்பு செய்தால் மற்ற இருவரும் அதே தப்பைச் செய்ய மாட்டார்கள் அல்லவா, அதுதான் கணக்கு. ஆனால் கம்பெனி அவசரத்தில் இருந்தது. இரண்டு புரோகிராம்தான் எழுதி முடிந்தன. ஒன்று இவனுடையது. இன்னொன்று இவனோடு வேலை பார்த்த ஒரு பெண் எழுதியது. மூன்றாவது வரும்வரை இருக்கட்டும் என்று இவனுடைய புரோகிராமையே இரண்டு கம்ப்யூட்டரில் போட்டார்கள். மூன்றாவது வரவே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு அலுவலகத்தில் கேள்விக்குறி என்று பட்டப்பெயர். அவள் எழுதிய புரோகிராமின் குணம் அப்படி. ஆளைச் சரியாக அடையாளம் தெரிந்தால் எண்ணைப் போடும். கூட்டத்தில் கலந்துவிட்டால், தூணுக்குப் பின்னால் மறைந்துவிட்டால், யாரென்று தெரியவில்லை என்றால், எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போடும். என் தம்பியின் புரோகிராம் அப்படியில்லை. சட்டையின் நிறம், போகிற திசை, நடக்கிற வேகம் எல்லாவற்றையும் பார்த்து, இருப்பதில் எது பொருத்தமோ அந்த எண்ணைப் போட்டுவிடும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மேனேஜருக்குக் கேள்விக்குறி பிடிக்கவில்லை. "திரையில கேள்விக்குறி வந்துச்சுன்னா கஸ்டமர் நம்மளையே கேள்வி கேப்பான். அது கண்ணுல படக் கூடாது" என்றாராம். கண்ணில் படாமல் இருக்க என் தம்பி தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இரண்டு மிஷின் ஓர் எண்ணைச் சொல்லும், மூன்றாவது கேள்விக்குறியைச் சொல்லும். மூன்றாவதுக்குக் கோளாறு என்று அமைப்பே முடிவு செய்து அதை ஒதுக்கிவிடும். திரையில் எண் மட்டும் பளிச்சென்று நிற்கும். எல்லோருக்கும் சந்தோஷம்.

கொஞ்ச நாளில் அந்தப் பெண் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். அவள் மிஷின் மட்டும் இருந்தது. அடிக்கடி ஒதுக்கப்பட்டு, அடிக்கடி திரும்பி வந்துகொண்டிருந்ததால், கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் அதற்குச் சீக்காளி என்று பெயர் வைத்தார்கள். சீக்காளிக்கு மின்விசிறி மாற்றினார்கள். மெமரி கார்டு மாற்றினார்கள். ஒயரை எல்லாம் பிடுங்கிப் புதிதாகச் செருகினார்கள். என் தம்பிக்குக் காரணம் தெரியும். தெரிந்தும், அவர்கள் திருப்புளியோடு போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் இல்லை அவன். இது பூசணிக்காய் என்றே அவனுக்குப் படவில்லை, அதுதான் வினை.

அந்த அமைப்பை ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாங்கிற்று. அங்கேதான் இரண்டாவது மாடி என்கிற பெண் வேலை பார்த்தாள். துப்புரவு வேலை செய்கிறவர்களை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எந்த மாடியைத் துடைக்கிறார்களோ அந்த மாடிதான் அவர்களுக்குப் பெயர். "ரெண்டாவது மாடி, இங்க கொஞ்சம் தண்ணி கொட்டிடுச்சு பாருங்க." இப்படித்தான். நடுத்தர வயசு, ஒல்லியான உடம்பு. புருஷன் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன்.

ஒரு நாள் மருந்து அறையிலிருந்து வலி ஊசி மருந்து காணாமல் போயிற்று. சாதாரண மருந்தில்லை. பூட்டி வைத்து, எடுப்பவர் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டிய மருந்து. வெளியில் போனால் போதைக்குத்தான் போகும். அன்றைக்குச் சரக்கு அடுக்குவதற்காகக் கொஞ்ச நேரம் அந்த அறைக் கதவும் அலமாரியும் திறந்து கிடந்தன. அந்த நேரத்தில் உள்ளே போய் வந்தது யார் என்று மிஷினைக் கேட்டார்கள். மிஷின் ஓர் எண்ணைக் காட்டியது. காலையில் வாசலில் அட்டையைத் தேய்த்து நுழைந்தபோது இரண்டாவது மாடிக்குக் கிடைத்த எண் அது.

அவள் "நான் அந்தப் பக்கமே போகல" என்றாள். யார் நம்புவார்கள்? அறிக்கையில் மூன்று மிஷினும் பச்சை, மூன்றும் ஒத்துப்போகின்றன என்று அர்த்தம். போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போயிற்று. "கேமரா பொய் சொல்லாது" என்று அவள் புருஷனே வார்டு வாசலில் நின்று சொன்னானாம். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் தம்பி இதை என் வீட்டுச் சமையலறையில் நின்று சொன்னபோது நானும், "மூணு மிஷின் சேந்து சொல்லுதுன்னா எடுத்திருப்பாடா, விடு" என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டுத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

அவன் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தான்.

"அக்கா, நான் அந்த வீடியோவப் பாத்தேன்."

"சரி, அதுக்கென்ன?"

"ஷிஃப்ட் மாறுற நேரம். நடையில மூணு நாலு பேரு ஒண்ணா வராங்க. எல்லாரும் ஒரே பச்சை யூனிஃபார்ம். தலையில தொப்பி, மூஞ்சியில மாஸ்க். எதிர்ல அழுக்குத் துணி வண்டி வருது, ஆள் உயரத்துக்கு. எல்லாரும் அந்த வண்டிக்குப் பின்னால மறையறாங்க. அந்தப் பக்கம் வெளிய வர்றப்போ..."

"வர்றப்போ?"

"யாரு யாருன்னு எனக்கே தெரியலக்கா."

அடுப்பை அணைத்தேன். அவன் சொல்வது அப்போதுதான் என் மண்டையில் ஏறிற்று. நிறத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்கிற மிஷின், எல்லோரும் ஒரே நிறத்தில் வந்தால் என்ன செய்யும்? இருப்பதில் எது பொருத்தமோ அதைப் போடும். அப்படிப் போட்ட எண்தான் ஒரு பொம்பளையை உள்ளே தள்ளியிருக்கிறது.

மறுநாளே அவன் கேள்விக்குறிக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான், நானும் பக்கத்தில் இருந்தேன். நல்ல துடுக்கான குரல்.

"சார், என் புரோகிராம் அந்த இடத்துல என்ன சொல்லியிருக்கும்னு உங்களுக்கே தெரியும். தெரியாதுன்னு சொல்லியிருக்கும்."

"அது சொன்னதுக்குப் பதிவு இல்லம்மா. ஒதுக்கினதும் துடைச்சிட்டு, மத்த ரெண்டோட நினைவ ஏத்திடுவோம்ல. அதான் அறிக்கையில மூணும் பச்சையா வருது."

"அப்ப அதையும் பொய் சாட்சி சொல்ல வச்சிட்டீங்க."

"ரெண்டு ஒண்ணா சொன்னா..."

"எந்த ரெண்டு சார்? ரெண்டும் நீங்க எழுதினதுதானே? ஒரே ஆளு ரெண்டு தடவ போய் ஓட்டுப் போட்டா அதுக்கு ஊர்ல என்ன பேரு? கள்ள ஓட்டு!"

எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்டெப்னி வைத்தவன், தன் தப்புக்கும் ஒன்று வைத்துவிட்டான். முதல் மிஷின் என்ன சொல்லுமோ அதையே இரண்டாவது சொல்லும். அது சாட்சி இல்லை, ஒத்து ஊதுவது. இத்தனை வருஷம் அதை இரண்டு என்று எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறான். படித்தவர்கள், காப்புரிமை கொடுத்தவர்கள், காசு கொடுத்து வாங்கியவர்கள், எல்லோரும் அதை இரண்டு என்றுதான் எண்ணினார்கள்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். இங்கேதான் எனக்கு அவன் மேல் இன்றுவரை ஆறாத கோபம். அவன் போகவில்லை. முதலில் தனக்கு உறுதியாக வேண்டும் என்றான். வீடியோவின் பிரதியை வாங்கி, கேள்விக்குறியின் புரோகிராமில் ஓட்டிப் பார்த்தான். திரையில் கேள்விக்குறி விழுந்தது. வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டினான். அதிலும் விழுந்தது. அப்புறம் வேறு கேமராவின் பக்கத்திலிருந்து பார்த்தான். அப்புறம் வேறு நாட்களின் ஷிஃப்ட் மாறும் நேரத்தை எடுத்து, எத்தனை முறை தன் புரோகிராம் ஆளை மாற்றிப் போட்டிருக்கிறது என்று தேட ஆரம்பித்தான். தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. வாரங்கள் ஓடின. நான் கேட்கும்போதெல்லாம் "இன்னும் ஒரு தடவ பாத்துக்கறேன்க்கா" என்பான். ஆளே பாதியாகிவிட்டான். அவன் மனைவி என்னிடம் வந்து, "அண்ணி, தட்டுல போட்டது போட்டபடி இருக்கு, நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்று கண் கலங்கினாள்.

அந்த வாரங்களில் ஒரு நாள் செய்தி வந்தது. இரண்டாவது மாடி ஒப்புக்கொண்டுவிட்டாள். நான்தான் எடுத்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

இதைச் சொல்ல அவன் என் வீட்டுக்கு வந்தபோது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பொய் சொல்லவில்லை, நான் பார்த்தேன். "அப்ப என் மிஷின் சரியாத்தான் சொல்லியிருக்குமோ" என்றான். எனக்கு வந்ததே கோபம்.

"டேய், அவ உள்ள போனன்னைக்கே நீ போய் வாயத் தொறந்திருந்தா அவ எழுதிக் குடுத்திருப்பாளா? நீ இங்க ரெண்டாம் தடவ, மூணாம் தடவன்னு பாத்துக்கிட்டு இருந்த. அவளுக்கு அங்க யாருடா ஸ்டெப்னி?"

அவன் முகம் செத்துப்போயிற்று. சொன்ன பிறகு எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போய், கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறேன் என்றான். மேனேஜர் கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டம். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, தோளில் கை போட்டுத்தான் பேசினாராம். "தம்பி, நீ சொல்றது உண்மையாவே இருக்கட்டும். ஆனா அந்தம்மா எடுக்கலைன்னு உன்னால நிச்சயமா சொல்ல முடியுமா? முடியாது இல்ல? அவங்களே ஒத்துக்கிட்டாங்க. பின்ன ஏன் வம்ப விலைக்கு வாங்கற? நாளைக்கு நம்ம மிஷின் காட்டின ஒவ்வொரு ஆளும் கோர்ட்டு வாசல்ல வந்து நிப்பான். இங்க வேலை பாக்கறவங்க குடும்பமெல்லாம் எங்க போகும்?"

என் தம்பிக்கு அவர் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் தெரியாது. ஆனாலும் போனான். என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனான், தனியாகப் போகிற வழக்கம் அவனுக்கு இல்லை.

கோர்ட்டில் அரசு வக்கீல் நன்றாகச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர்.

"மூணு மிஷினும் ஒரே பதிலைத்தானே சொல்லியிருக்கு?"

"இல்லைங்க. ரெண்டுதான் சொல்லுச்சு. அந்த ரெண்டும் ஒண்ணுதாங்க."

"மூணாவது?"

"அது தெரியாதுன்னு சொல்லுச்சுங்க."

"அறிக்கையில பச்சையா இருக்கே?"

"அது அப்புறமா நாங்க அதுக்குச் சொல்லிக் குடுத்ததுங்க."

"கணக்கு உதைக்குதே ஐயா. மூணு ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா மிஷினே இல்லைம்பீங்க போல."

எல்லோரும் சிரித்தார்கள். என் தம்பி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "ஆமாங்க, அந்த இடத்துல மிஷின் இல்லைன்னே வச்சுக்கோங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். வார்த்தை சுத்தமாக இருந்தது. இரண்டாவது மாடி கூண்டில் நின்றபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூட அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நீதிபதி அந்த வீடியோவைத் தானே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார், கட்டமும் எண்ணும் இல்லாமல். அவருக்கும் யார் யாரென்று தெரியவில்லை. அவள் எழுதிக் கொடுத்ததில் மருந்தை எங்கே வைத்தாள், யாரிடம் கொடுத்தாள் என்று ஒரு வார்த்தை இல்லை. சாட்சியம் போதாது என்று அவளை விட்டுவிட்டார். மருந்தை எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

கம்பெனி என் தம்பியைத் துரத்தவில்லை. ஜன்னல் இல்லாத ஓர் அறையில், பழைய கேமராக்களைப் பிரித்துப் போடுகிற வேலையைக் கொடுத்தது. அவனே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அமைப்பை யாரும் கழற்றவில்லை. ஆனால் இந்தக் கேஸுக்குப் பிறகு ஒரு திருத்தம் செய்தார்கள். சீக்காளியில் இருந்த கேள்விக்குறியின் புரோகிராமை எடுத்துவிட்டு, அதிலும் என் தம்பியின் புரோகிராமையே போட்டுவிட்டார்கள். இப்போது மூன்றும் ஒரே குரலில் பேசுகின்றன. எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. ரொம்ப நம்பகமாக ஓடுகிறது என்று ஆஸ்பத்திரி பாராட்டிற்றாம். இதைக் கேட்ட அன்று அவன் என் வேனின் பின் இருக்கையில் போய்ப் படுத்துக்கொண்டான். பிள்ளைகளை ஏற்றப் போகும் நேரம் வந்தும் எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துத்தான் இறக்கினேன்.

அதற்கப்புறம்தான் அந்த இரண்டாவது மாடிப் பெண்ணைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றான். எனக்கும் அது சரியென்று பட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டால் இவனுக்குச் சோறு இறங்கும் என்று நினைத்தேன். வண்டியை எடுத்தேன்.

மாடிப்படிக்குக் கீழே ஒரே அறையாக இருந்தது அவள் வீடு. துணி உலர்த்தும் கொடி அறைக்குள்ளேயே குறுக்கே போயிற்று. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி, பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறது. புருஷன் உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான், தூங்கவில்லை என்பது தெரிந்தது. அவள் எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டுவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று நானும் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"நான்தாங்க அந்த மிஷின் செஞ்சது" என்றான் என் தம்பி. "அது தப்புங்க. நான் முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க."

"பரவாயில்ல சார். வந்து சொன்னீங்களே." அவள் புடவைத் தலைப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக, "அப்ப நான் எடுக்கலைதானே சார்?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. என் தம்பியைப் பார்த்தேன்.

"என்னம்மா கேள்வி இது?" என்றேன். "நீ எடுக்கல. அதான் கோர்ட்டே விட்டுடுச்சே."

"கோர்ட்டு சாட்சி பத்தலைன்னுதானேக்கா சொல்லுச்சு. எடுக்கலைன்னு யாரும் சொல்லல. இவருதான் மிஷின் செஞ்சவரு. இவரு சொல்லட்டும்."

உள்ளே படுத்திருந்தவன் லேசாகப் புரண்டான். அவனும் இந்தப் பதிலுக்குத்தான் காத்திருக்கிறான். "சொல்லுடா" என்று என் தம்பியின் முழங்காலைத் தட்டினேன். பொய்யாவது சொல்லித் தொலையேன், ஒரே ஒரு தடவை நிச்சயம் என்று சொல்லேன் என்று எனக்குள் கிடந்து தவித்தது. அவன் கண் நிறைந்திருந்தது.

"மிஷினுக்குத் தெரியாதுங்க" என்றான். "அது வரைக்கும்தாங்க எனக்குத் தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். கோபம் ஒன்றுமில்லை. ஏதோ எதிர்பார்த்ததைப் போலத்தான் கேட்டுக்கொண்டாள்.

"மொதல்ல அது நான் இல்லன்னுதான் சார் சொன்னேன். அவங்க அந்தப் படத்தப் போட்டுப் போட்டுக் காமிச்சாங்க. தலைக்கு மேல நம்பரோட. மூணு மிஷினு சொல்லுது, உம் புருஷனும் சொல்றான், உனக்குத்தான் மறந்துபோச்சும்மா, நல்லா யோசிச்சுப் பாருன்னாங்க. நானும் யோசிச்சேன். யோசிக்க யோசிக்க அந்தக் கதவு தெரிய ஆரம்பிச்சுது. நான் அதைத் தள்ளுற மாதிரி. கைப்பிடி சில்லுன்னு இருந்த மாதிரி. இப்பக் கண்ண மூடினாலும் தெரியுது. அது நான் பாத்ததா, அவங்க காமிச்சதான்னு புரியல."

என் தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் அவனுக்குச் சமாதானம் சொல்வது போலச் சொன்னாள்.

"முன்னாடி, அது நான் இல்லன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு சார்."